ஐம்பத்தெட்டு ஆனால் ரிடையர்

திரையில் முதல் பெயருக்கு நேராக ‘ரிடையர்’ என்று வந்திருந்தது. அது லேத்தில் போன மாதம் சேர்ந்த முனியனின் பெயர். வயது இருபத்திரண்டு. மீசையே இன்னும் சரியாக முளைக்கவில்லை, அதற்குள் ரிடையர்மென்ட்.

பரந்தாமன் நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரையை மறுபடி பார்த்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற கம்பெனியில் அவன் பர்சனல் டிபார்ட்மென்ட் கிளார்க். வருஷம் தொண்ணூற்று நான்கு. அவனுடைய புரொபேஷன் அன்றோடு முடிகிறது. மேனேஜர் ஜம்புலிங்கம் கையெழுத்துப் போட்டால் வேலை பர்மனென்ட். கோவில்பதாகையில் பெண் கொடுப்பதாக இருந்த துலுக்கானம் வேறு ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: “பர்மனென்ட் ஆச்சின்னா எம் பொண்ணு நாகவல்லி உனக்கு. இல்லன்னா நீ யாரோ, நா யாரோ.”

காலையில் மேனேஜர் கூப்பிட்டு, “அம்பத்தெட்டு முடிஞ்சவங்க யாருன்னு கம்ப்யூட்டர்ல எடுங்க. பேரும் முடிவும் இருந்தா போதும், வயசெல்லாம் வேணாம். பன்னெண்டு மணிக்கு டைரக்டர் வர்றார். தப்பு வந்துது, நீங்க அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்” என்றார். சிரிக்காமல் சொன்னார் பாவி மனுஷன்.

பரந்தாமனும் கம்ப்யூட்டர் கிளாஸில் படித்தபடிதான் ஃபார்முலா போட்டான். வயது ஐம்பத்தெட்டு ஆனால் ‘ரிடையர்’, இல்லையென்றால் ‘சர்வீஸ்’. இப்போது பார்த்தால் கம்பெனியில் இளசுகள் அத்தனை பேரும் ரிடையர். பல் போன வாட்ச்மேன் சர்வீஸ்.

“இன்னா மச்சான், பேயறைஞ்ச மாதிரி கீற?” என்றபடி ஸ்டோர்ஸ் கோவிந்தன் வந்தான். கம்ப்யூட்டரை விரலால்கூடத் தொட்டதில்லை. யோசனைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

“பெருசுங்கற குறிக்கு பதிலா சிறுசுங்கற குறியப் போட்டுட்டேன்டா.”

“அத்தத் திருப்பிப் போடு. இதுக்குப் போயி வேர்த்து ஊத்துதே உனக்கு.”

திருப்பிப் போட்டான். முனியன் சர்வீஸுக்கு வந்தான். வாட்ச்மேன் ரிடையர் ஆனார். பரந்தாமன் நிம்மதியாகக் கீழே இறங்கிக்கொண்டே போனான். கடைசி வரியில் கை நின்றுவிட்டது.

ஜம்புலிங்கம், மேனேஜர்: ரிடையர்.

“டேய், சாருக்கு வயசு தொண்ணூத்தி நாலுங்குதுடா.”

“நல்லாத்தான் கீறாரு, அந்த வயசுக்கு.”

“சும்மா இருடா. பயமா இருக்கு.”

விஷயம் இதுதான். ஆபீசர்களின் பிறந்த வருஷம் ஹெட் ஆபீஸில்தான் இருந்தது. இங்கே ஒரே ஆபீசரான மேனேஜருக்கு அந்தக் கட்டம் காலி. காலிக் கட்டம் கம்ப்யூட்டருக்குப் பூஜ்யம். தொண்ணூற்று நான்கில் பூஜ்யம் போக மிச்சம் தொண்ணூற்று நான்கு. மேனேஜரிடமே போய் நீங்கள் எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்கப் பரந்தாமனுக்கு தைரியம் இல்லை.

“வருசம் காலியா கீதுன்னா சர்வீஸ்னு போடச் சொல்லேன்” என்றான் கோவிந்தன்.

அது நல்ல யோசனைதான். கட்டம் காலியென்றால் சர்வீஸ். காலி இல்லையென்றால் வயதைப் பார். ஒரு ‘என்றால்’ வயிற்றுக்குள் இன்னொரு ‘என்றால்’. பரந்தாமன் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான்.

அதற்குள் டைரக்டரின் கார் கேட்டில் ஹார்ன் அடித்தது. மேனேஜர் அறையில் மணி அலறியது. கூட்டிப் பெருக்கி, டீ கொடுத்து, காகிதமும் சுமக்கிற அங்கம்மா வாசலில் வந்து நின்றாள். “நைனா, மிசினு துப்பறத அப்டியே கீச்சிகினு வரச் சொன்னாரு.”

“கரண்ட் போறதுக்குள்ள அமுக்கு மாமே” என்று கோவிந்தனும் அவசரப்படுத்தினான்.

அமுக்கிவிட்டான். பிரிண்டர் கரகரவென்று கத்திக்கொண்டு அடித்தது. பரந்தாமன் கண்ணை மூடிக்கொண்டு திருமுல்லைவாயில் சிவனைக் கும்பிட்டான். கண்ணைத் திறந்தபோது காகிதமும் இல்லை, அங்கம்மாவும் இல்லை. அப்புறம்தான் திரையைப் பார்த்தான்.

இரண்டாவது ‘என்றால்’ காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டது. காலிக் கட்டத்துக்கு மட்டும் வயதைப் பார்த்திருக்கிறது, மற்றவர்களுக்கெல்லாம் கேள்வியே கேட்காமல் சர்வீஸ். வாட்ச்மேன்கூட சர்வீஸ். மொத்தக் கம்பெனியிலும் ரிடையர் ஒரே ஆள், மேனேஜர்.

“ஓடிப்போயி புடுங்கிகினு வந்துடட்டா?” கோவிந்தன் குரலே இறங்கிப்போயிருந்தது.

“டைரக்டர் உள்ள இருப்பாருடா.”

பரந்தாமன் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தான். துலுக்கானத்திடம் என்ன சொல்வது, நாகவல்லி முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தபடி வாசலைப் பார்த்தான். வெளியே போகக் கால் வரவில்லை. உட்காரவும் முடியவில்லை.

அங்கம்மா திரும்பி வந்தாள். கையில் ஒரு கவர்.

“இன்னா நைனா இது, பையத் தூக்கிகினு எங்க கெளம்பிட்ட? இந்தா, உன் பர்மனென்ட் ஆர்டராம், கையெழுத்துப் போட்டுட்டாரு.”

“அந்தக் காகிதத்த டைரக்டர் பாத்தாரா?”

“எங்க பாத்தாரு? நம்ம சாரு அத்த மடிச்சி ஜோபில சொருவிகினு, என்னத் தனியா இட்டாந்து கேட்டுகினு வரச் சொன்னாரு: பள்ளிக்கூடத்துல நாலு வயசு கொறச்சிக் குடுத்தது இந்த மிசினுக்கு எப்டி தெரிஞ்சிதாம்?”