குண்டாற்றங்கரையில் சும்மா நடந்த கதை

அருப்புக்கோட்டை,
24-11-1993.

மதிப்பிற்குரிய மச்சான் பூமிநாதன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் ஜெகதீஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை முருகலட்சுமி சுகம், பலசரக்குக் கடை சுகம், முழங்காலுக்கு மேலே நானும் சுகம். கோயமுத்தூரில் நீங்களும் குடும்பத்தாரும் சகல சௌபாக்கியங்களோடு இருக்க வேண்டுகிறேன். வேண்டியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெங்களூரில் உத்தியோகம், குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெற்றிலைகூடப் போடமாட்டார் என்று சொல்லி என் மகள் தங்கச்செல்விக்கு இன்பராஜைப் பேசி முடித்தவர் நீங்கள். எல்லாம் மெய்தான். ஆனால் மாப்பிள்ளை நடப்பார் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? நடப்பார் என்றால் கடைத்தெருவுக்கு நடப்பது இல்லை மச்சான். ஆபீசில் ஒரு கூட்டமே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமையானால் மூட்டையைக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு, பஸ் போகாத இடமாகப் பார்த்து நடப்பார்களாம். தலைத் தீபாவளிக்கு வந்த மனிதருக்குப் பலகாரம் வைத்தோம், மதுரைக்குப் போய் சினிமா பாருங்கள் என்றோம். அவரோ ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "மாமா, இங்க கண்மாய் இருக்கு, காடு இருக்கு, ஆறு இருக்கு. திருச்சுழி வரைக்கும் நடந்தே போயிரலாம். நீங்களும் வாங்க" என்கிறார். புது மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம். மறுக்கவா முடியும்? மனுசன் கோபித்துக்கொண்டால் பிள்ளை வாழ்க்கை என்ன ஆவது?

திருச்சுழி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் ஒரு கண்மாய்க்கரையில் இறங்கினோம். கண்டக்டர், "அண்ணாச்சி, கடைசி வரைக்கும் டிக்கெட்டு எடுத்துட்டு ஏன் இங்க எறங்குறீக? வயித்தக் கலக்குதா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தான். ஆமாம் என்றேன். நடக்கப்போகிறேன் என்று சொல்வதற்கு அது மரியாதையாக இருந்தது.

இந்த வருஷம் மழை உங்களுக்குத் தெரியும். வருஷத்தில் பாதி நாள் கிரிக்கெட் ஆடுகிற கண்மாய், இப்போது சம்புக் கோரையும் சேறுமாகக் கிடக்கிறது. மாப்பிள்ளை முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டிருந்தார். நான் தீபாவளிக்கு வாங்கிய செருப்பைப் போட்டிருந்தேன். கரிசல் மண் ஈரமானால் விடுமா? இடது செருப்பை முதலில் வாங்கிக்கொண்டது, பிறகு வலதையும் வாங்கிக்கொண்டது, அதற்குப் பிறகு என்னையும் கேட்டது. அந்த நேரத்தில்தானா ஒரு கொக்கு வந்து எதிரே உட்கார வேண்டும்! "மாமா, அசையாதீங்க, பறந்துரும்" என்று கிசுகிசுக்கிறார். அசைவதா? இரண்டு காலும் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறேன் மச்சான். அந்தக் கொக்கு மீனைப் பிடித்து, விழுங்கி, இறகைக் கோதி, ஓய்வெடுத்துக் கிளம்புகிற வரைக்கும் நான் ஒரு கம்பமாக நின்றேன். ஊருக்கு வந்தபின் மாப்பிள்ளை, "மாமாவுக்கு என்ன பொறுமை!" என்று உங்கள் தங்கையிடம் சிலாகித்தார். அவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

அடுத்தது காடு. காடு என்று அவர் சொல்கிறார். நாமெல்லாம் விறகு என்று எடை போட்டு வாங்குகிற சீமைக்கருவேல்தான். என் வேட்டியில் பாதி அந்தக் காட்டிலேயே தங்கிவிட்டது. மீதியை மானத்துக்குச் சுற்றிக்கொண்டு குண்டாற்றங்கரையில் போய் விழுந்தேன். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. பொய் சொல்லக் கூடாது, காலை நனைத்தபோது சுகமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை படத்தை விரித்து, திசைகாட்டியை அதன்மேல் வைத்துக் குனிந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பருத்திப் புஞ்சையிலிருந்து களைக்கொத்தும் கையுமாக ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். சந்தனம்மாள் என்று பேர். பின்னாலேயே ஊரும் வந்தது.

"எங்க புஞ்சையில எத அளக்குறீக?"

"எதையும் அளக்கலைம்மா. சும்மா நடக்குறோம்" என்றார் மாப்பிள்ளை.

"சும்மாவா? ஆடு எதுவும் தொலஞ்சுபோச்சா?"

"இல்லைம்மா."

"வேண்டுதலா?"

"இல்லைம்மா."

அந்த அம்மாள் என் வேட்டியைப் பார்த்து, "வீட்டுல சண்டையா?" என்று இரக்கமாகக் கேட்டாள். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "பஸ்ஸு ஓடுறப்ப நடக்குறவன் ஒண்ணு திருடனா இருக்கணும், இல்ல சர்க்காரா இருக்கணும்" என்றாள்.

அதற்குள் பால்சாமி என்று ஒருவர், நம்ம கடையில் சரக்கு எடுப்பவர்தான், "ஏ, இது நம்ம கடைக்கார அண்ணாச்சில்ல! அப்ப கூட வந்த இவுக ஆபீசருதான். நெலத்த எடுக்க வந்திருக்காக!" என்று கத்திவிட்டார். களைக்கொத்து மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே வந்தது. தங்கச்செல்வியின் தாலி என் கண் முன்னால் ஆடியது மச்சான். வாய் தானாகத் திறந்து, "நெலத்த எடுக்க இல்லப்பா, ஒங்களுக்குப் பாதை போட வந்திருக்காக. ஆத்தங்கரையோட போயி பஸ் ரோட்டுல சேர்ற மாதிரி" என்று சொல்லிவிட்டது.

அவ்வளவுதான். களைக்கொத்து கீழே போனது, கயிற்றுக் கட்டில் வந்தது, ஒரு சேவல் உயிர் பிழைக்க ஓடத் தொடங்கியது. விஷயம் காற்றில் அக்கரைக்கும் போய், அந்த ஊர் பொன்னுச்சாமி ஆற்றுக்குள் இறங்கி நடந்து வந்தார். "பள்ளிக்கூடமும் இவுகளுக்கு, தண்ணித் தொட்டியும் இவுகளுக்கு. பாதையாச்சும் எங்க கரையில போடுங்க" என்று படத்தின் ஒரு முனையைப் பிடித்தார். பால்சாமி மறுமுனையைப் பிடித்தார். படம் சரியாக ஆற்றின் நடுவே கிழிந்தது.

மாப்பிள்ளை கட்டிலில் ஏறி நின்று, "ஐயா, நான் ஆபீசர் இல்லை. மாமா பயத்துல சொல்லிட்டாரு. நாங்க நிஜமாவே சும்மாதான் நடந்தோம்" என்று அரிச்சந்திரனாக அறிவித்தார். பால்சாமி மெதுவாகத் தலையை ஆட்டி, "பெரிய ஆபீசருக இப்பிடித்தான் சொல்லுவாக" என்றார். சேவல் இரண்டாயிற்று.

சாப்பிட்டு முடித்ததும், ஆபீசர் நடக்கக் கூடாது என்று மாட்டு வண்டியில் ஏற்றி ரோட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நடக்க வந்த மனிதர் வண்டியில் உட்கார்ந்து, "மாமா, ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டார். அதோடு சரி. பெங்களூர் பஸ் ஏறும்வரை என்னோடு அவர் பேசவில்லை; பேச்செல்லாம் உங்கள் தங்கையிடம்தான். கடைக்கு வருகிறவர்களெல்லாம் பாதை எப்போது என்கிறார்கள். உண்மை தெரிந்தால் அந்தப் பக்கத்து ஏவாரம் அத்தனையும் போகும், மரியாதையும் போகும். ஒரு பொய்க்கு இரண்டு சேவலைத் தின்ற குற்றம் வேறு நெஞ்சைக் கரிக்கிறது. பொங்கலுக்கும் வாரேன், விட்ட இடத்திலிருந்து நடக்கணும் என்று தங்கச்செல்வியிடம் சொல்லியிருக்கிறாராம். ஆகையால் சம்பந்தம் பேசியவர் என்ற முறையில் நீங்களே அவருக்குக் கடிதம் எழுதி, இனி இந்த ஜில்லாவில் வாசற்படிக்கு வெளியே காலை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். இது என் தாழ்மையான கட்டளை.

சின்னவர்களுக்கு என் ஆசி, பெரியவர்களுக்கு நமஸ்காரம். குலசாமி இருளப்பசாமி எல்லோரையும் நடக்க வைக்காமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது சந்தனம்மாளும் பால்சாமியும் பொன்னுச்சாமியும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். ஒன்றாக, மச்சான்! "சர்க்காரு என்னைக்கு வந்து போடுறது? ரெண்டு கரையிலயும் முள்ள நாங்களே வெட்டிட்டோம். பிள்ளைக அதுலதான் பள்ளிக்கூடம் போகுது. ஆபீசர் வந்து நடந்து பாத்தாப் போதும்" என்றாள் அந்த அம்மாள். என் வாய் மறுபடியும் தானாகத் திறந்து, பொங்கலுக்கு மறுநாள் திறப்பு விழா என்று சொல்லிவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதையும் மாப்பிள்ளைக்கு எழுத வேண்டாம், அவசியம் வரச்சொல்லித் தந்தி கொடுங்கள். நீங்களும் வர வேண்டும். ஆபீசருக்கும் மேலே ஒருவர் கோயமுத்தூரிலிருந்து வருகிறார் என்று சொல்லிவிட்டேன். சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாருங்கள். யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுங்கள்.