பொம்மைக்கு வந்த சர்க்கரை வியாதி

பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை காலை நீண்ட வரிசை நின்றால் அது வாழையிலைச் சாப்பாட்டுக்கு என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் பழைய காலம். இது நானோ சித்தர் திருச்செல்வத்தைப் பார்க்க நிற்கும் வரிசை. கிள்ளானிலிருந்துகூட விடியுமுன் கிளம்பி வருகிறார்கள். உங்கள் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்கும் கணினியில் கணக்குப் போட்டு, உள்ளே என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லிவிடுவாராம். கோடானுகோடி அணுக்கள். மேசையில் வைத்த தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஷாமினிக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். செர்டாங் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் செய்வது அந்தக் கணக்கைத்தான். ஒரே ஒரு மருந்துத் துகள் ஒரு செல்லின் தோலைத் துளைத்து நுழையும் கணத்தைக் கணக்கிட, அவளுடைய கணினிகள் வாரக்கணக்கில் உறுமும். கடைசியில், "இது உத்தேசம்தான், தவறாகவும் இருக்கலாம்" என்று எழுதிவைப்பாள்.

அவள் அப்பா வேலாயுதம், ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், நெடுநாள் சர்க்கரைக்காரர். சித்தர் பேச்சைக் கேட்டு இன்சுலினை நிறுத்திவிட்டு, அவர் விற்கும் நானோ தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் படிச்சதே இந்தக் கணக்குதான். ஊசிய நிறுத்தாதீங்க, ப்ளீஸ்."

"உனக்கு மூணு வாரம் ஆவுது, அவருக்கு மூணு நிமிசம். யாரு கெட்டிக்காரன், நீயே சொல்லு லா."

"அது வந்துப்பா..."

"தப்பா இருக்கலாம்னு நீயே எழுதுற. அவரு ஒரு நாளாச்சும் அப்படிச் சொன்னாரா?"

அப்பாவின் உதடு வறண்டு, பார்வை மங்கிக்கொண்டிருந்தது. ஷாமினி பயத்தில் குளியலறைக்குள் போய் அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, சித்தரின் மாடிக்குக் கீழே சேலைக்கடை வைத்திருக்கும் பவுனம்மாளைப் பார்க்கப் போனாள்.

மாடியில் நடுவே ஒரு கறுப்புத் திரை. இந்தப் பக்கம் மக்களும் புழுக்கமும். அந்தப் பக்கம் சித்தரும் ஏர்கோனும். முகத்தைப் பார்த்தால் நானோ அலை கலங்கிவிடுமாம். பேர், வயது, எடை எழுதிய சீட்டைத் திரைக்கு அடியில் தள்ளிவிட்டு, கம்பி மாட்டிய செப்புக் குச்சியைக் கையில் பிடித்தால் போதும், ஒலிபெருக்கியில் பலன் வரும். சுவரெல்லாம் சூத்திரங்கள், அவற்றுக்குக் குங்குமப் பொட்டு. அவற்றில் ஷாமினிக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. அது கூட்டுவட்டிச் சூத்திரம்.

சித்தரின் தொண்டர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பவுனம்மாளும் ஷாமினியும் படியேறி வந்தார்கள். இருவருக்கும் நடுவே, பச்சைப் பட்டுடுத்தி, கடைக் கண்ணாடியில் நிற்கும் பிளாஸ்டிக் பொம்மை. வரிசையில் முதல் ஆளாக நின்ற வேலாயுதம் வாயைப் பிளந்தார். கூட்டம் கப்சிப். வேடிக்கை என்றால் நம் ஜனங்களுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

ஷாமினி சீட்டைத் தள்ளினாள். 'அமுதவள்ளி, 52, 70 கிலோ.' பொம்மையின் விரலிடுக்கில் குச்சியைச் செருகினாள்.

"அமுதவள்ளி அம்மா!" ஒலிபெருக்கி கனைத்தது. "ஒங்க ரத்தத்துல நானோ சூடு ஏறிப் போச்சு. சக்கரை கூட. பழைய கவலை ஒண்ணு நெஞ்ச அரிக்குது. ஊசிய இன்னிக்கே நிறுத்துங்க, நம்ம தண்ணிய குடிங்க."

வேலாயுதத்தின் முகம் சிறுத்தது. "இது எனக்குச் சொன்னதாச்சே. ஒரு எழுத்து மாறலையே!"

ஷாமினி திரையை இழுத்தாள். கையில் ஐஸ் கச்சாங் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த சித்தர் பொம்மையைப் பார்த்தார். பொம்மை சித்தரைப் பார்த்தது. முதலில் சுதாரித்தவர் சித்தர்தான்.

"பொம்மைன்னா என்ன? அதுக்குள்ளயும் அணு இருக்குல்ல?"

நம்புங்கள், பின்வரிசையில் நாலைந்து தலைகள் ஆடின.

"அணு இருக்கு, boss," என்றார் வேலாயுதம். "சக்கரை எங்கேருந்து வந்துச்சு? அது என்னிக்கு ஊசி போட்டுக்கிச்சு, நீ நிறுத்தச் சொல்றதுக்கு?"

சித்தர் பதிலுக்கு ஐஸைக் கிண்டினார். வேலாயுதம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வா மா, கிளினிக் போவோம். நீ சொல்றதுல தப்பு இருந்தாலும் பரவால்ல."

சித்தர் இப்போது கிள்ளானில் 'குவாண்டம் சித்தர்' என்று புதுப் பலகை மாட்டியிருக்கிறார். அங்கேயும் வரிசைதான். பொம்மை பழையபடி கண்ணாடிக்குள் நிற்கிறது. அதன் தலைக்குள் ஒன்றுமே இல்லை; அதுகூட அந்தத் தண்ணீரை வாங்கவில்லை. உங்கள் தலைக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்?