ஒரு சொட்டுக் குறையாத தொட்டி

"மருதாள்! மறுபடியும் தண்ணி கொறைஞ்சு போச்சு பாரு!"

லிங்கசாமி போட்ட சத்தத்தில், நெருப்பெரிச்சல் ஊரில் இருந்த அவருடைய சலவைப்பட்டறையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொடிகளுக்கு நடுவே பலகைமேல் உட்கார்ந்திருந்த வட்டத் தகரத் தொட்டியில், தண்ணீர் விளிம்பை விட்டு இறங்கியிருந்தது.

தொட்டி அவர் மகள் கலாமணி வைத்துவிட்டுப் போனது. சென்னையில், பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியல் துறையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளே அவள்தான். "பொண்ணு டாக்டருங்களா?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் போதும். "ஊசி போடற டாக்டர் இல்லீங்க. வானத்துக்கே டாக்டருங்க!" என்பார் லிங்கசாமி. கேட்காதவர்களையும் விடமாட்டார்.

ஆனால் தொட்டி எதற்கு என்று மட்டும் அவருக்குத் தெரியாது. வானத்து டாக்டரின் அப்பா போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வதா? கௌரவம் என்னாவது? வாசலில் குடம் குறைந்து நின்றாலே பொறுக்காத வீடு அது. மகளுடைய தொட்டி குறைந்து நிற்கலாமா?

"ரொப்பு," என்றார். பட்டறையில் வேலை பார்க்கும் மருதாள், பிளீச்சிங் மருந்து அளக்கிற லிட்டர் மக்கால் மொண்டு ஊற்றி நிரப்பினாள்.

மறுநாளும் குறைந்தது. ஓட்டையோ என்று பிட்டர் ராசப்பனைக் கூப்பிட்டார். ராசப்பன் குனிந்து, தடவி, காது வைத்துக்கூடக் கேட்டுவிட்டு, "ஓட்டை இல்லீங்க," என்றான். எருமைதான் குடிக்கிறது என்று சுற்றிலும் கம்பிவேலி போட்டார். அப்போதும் குறைந்தது. அப்படியானால் மனுஷ வேலை! வாட்ச்மேன் மூக்கையாவைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல போயி எவனாச்சும் குடிப்பானாய்யா?" என்று கோபித்துக்கொண்ட மூக்கையா அன்றைக்கே மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார்.

அதோடு தொட்டிக்குக் காவல் நின்று காக்காய் ஓட்டும் உத்தியோகமும் முதலாளி தலையில் விழுந்தது. தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துச் சித்திரை வெயில். ஒரு கையில் குடை, மறு கையில் தடி. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எம்பொண்ணு பட்டம் வாங்கோணுமில்லீங்க!" என்று அவர்களிடமும் பெருமை பேசினார்.

அந்தக் கோலத்தில் அவர் நிற்கும்போதுதான் கலாமணி தன் பேராசிரியர் அர்த்தநாரியோடு காரில் வந்து இறங்கினாள். ஆராய்ச்சி நடக்கும் இடத்தை அவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பட்டம்.

பேராசிரியர் நேரே தொட்டிக்குப் போனார். "தண்ணி தினமும் எவ்வளவு குறையுதுங்க?"

லிங்கசாமி நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு சொட்டுக் கொறையாதுங்க! கொறைய உட்ருவனா? கொறையக் கொறைய ரொப்பிப்போடுவமுங்க!"

கலாமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெயில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணியைக் குடிக்குதுன்னு பாக்கத்தாங்க இந்தத் தொட்டியே," என்றார் பேராசிரியர் நிதானமாக. "துணி எத்தனை வேகமா காயும்னு உங்க பொண்ணு அதை வெச்சுத்தான் கணக்குப் போடறாங்க."

லிங்கசாமியின் கையிலிருந்து குடை நழுவியது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பட்டத்தை அவரே மக்கு மக்காகத் தண்ணீர் ஊற்றிக் கரைத்திருக்கிறார்!

"கண்ணு, உன்ற படிப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டனே!" என்றவர் பேராசிரியரைப் பார்த்துக் கைகூப்பினார். "சார், தப்பெல்லாம் என்ற மேலதானுங்க. பட்டத்தை மட்டும் நிறுத்திப்போடாதீங்க."

கலாமணியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் உடைந்துபோனார். அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் நிற்கிறாள் என்பது மருதாளுக்கு மட்டும் தெரிந்தது.

"அட, நீங்க ஒண்ணுங்க மொதலாளி!" என்றாள் மருதாள். "தெனமும் விளிம்பு வரைக்கும் ரொப்பி, எத்தனை மக்குப் புடிச்சுதுன்னு நான் போன்ல சொல்லோணும், அதானுங்க அம்மிணியோட ஆராய்ச்சியே. உங்களுக்குத் தெரிஞ்சா, மக பேரு பெருசாகட்டும்னு ரெண்டு மக்குச் சேத்துச் சொல்லச் சொல்லுவீங்கன்னுதான் உங்ககிட்டச் சொல்லாம உட்டுதுங்க!"