நூறு மில்லி கௌரவம்

கடலூர் மாவட்டத்தின் வரலாற்றை எழுதப்போகும் அறிஞர்கள் புயலையும் வெள்ளத்தையும் எழுதிவிட்டு, திரு. வைத்திலிங்கம் அவர்களின் கைப்பெட்டியை எழுதாமல் விட்டால், அந்த வரலாற்றை யாரும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. அந்தச் சின்னப் பெட்டியில்தான் ஒரு கிராமத்தின் எதிர்காலம் விமானம் ஏறியது. அல்லது, ஏறியிருக்க வேண்டியது.

வைத்திலிங்கம் ஊரகத் தூயநீர் இயக்ககத்தின் கடலூர்க் கிளையில் கண்காணிப்பாளர். வீடு சிதம்பரத்தில். தினமும் ரயிலில் கடலூர் வந்து, நாற்காலியில் துண்டை விரித்து, நாட்டுக்காக உழைத்துவிட்டு, ரயிலிலேயே திரும்புவார். பணியிலிருந்து ஓய்வுபெற அவருக்கு இன்னும் காலம் இருந்தது. தலைமுடிதான் அவசரப்பட்டு முன்கூட்டியே வெளுத்துவிட்டது. அதை ஞாயிறுதோறும் அவர் ‘நிர்வாகச் சீரமைப்பு’ செய்துவந்தார்.

கீரப்பாளையத்துக்கு அப்பால் ஆலங்கொல்லை என்று ஒரு சிற்றூர். அங்கே இயக்ககம் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. குழாயைத் திறந்தால் துருவாடை. பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுவலி. வார்டு உறுப்பினர் சவரியம்மாள் இயக்ககத்துக்கு நடந்து நடந்து, வாசல்படியே அவர் காலை அடையாளம் கண்டு வழிவிடும் நிலை வந்துவிட்டது. கடைசியில் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை மனமிரங்கியது. சிங்கப்பூரில் மாநாடு கூட்டி, இருப்பதிலேயே மோசமான தண்ணீர் உள்ள ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தருவோம் என்றது. ஒரே ஒரு நிபந்தனை. ஊர்த் தண்ணீரை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

கிணற்றில் இறங்காத குறையாக ஆய்வு செய்து, ராவும் பகலும் உழைத்து விண்ணப்பத்தைத் தயாரித்தவர் உதவிப் பொறியாளர் எழிலரசி. ஆகவே வைத்திலிங்கம் சிங்கப்பூர் செல்வதென்று முடிவாயிற்று.

சிக்கன நடவடிக்கையாக, கைப்பெட்டி மட்டும் கொண்டுபோகக்கூடிய டிக்கெட் எடுக்கப்பட்டது. திரவம் எதுவானாலும் நூறு மில்லிக்கு மேற்படாத புட்டியில் இருக்க வேண்டும், எல்லாப் புட்டிகளும் ஒரே ஒரு பிளாஸ்டிக் கண்ணாடிப் பைக்குள் அடங்கி, பை மூட வேண்டும் என்ற விதியை எழிலரசி எடுத்துச் சொன்னார். வைத்திலிங்கத்தின் முகம் கறுத்தது. உடனே ‘அவசர ஆலோசனைக் கூட்டம்’ கூட்டப்பட்டது. மச்சான் ஒருவர் துபாயில் இருந்த காரணத்தால் விமானத்துறை வல்லுநராகக் கருதப்பட்ட எழுத்தர் ராஜ்கமல் சிறப்பு அழைப்பாளர்.

“பேஸ்ட்டு திடமா, திரவமா?” என்று வைத்திலிங்கம் விவாதத்தைத் தொடங்கிவைத்தார்.

“டியூபுக்குள்ள இருக்கறவரைக்கும் திடம் சார். பிதுக்கிட்டா திரவம்” என்றார் ராஜ்கமல்.

“பிதுக்காமலே எடுத்துட்டுப் போனா?”

“பல்லு வெளக்க முடியாது சார்.”

இக்கருத்து பதிவு செய்யப்பட்டது.

“கொழைச்ச சந்தனம்?”

“பசை சார். ஆகாது.”

“விபூதி?”

“பவுடரு. போவலாம்.”

“நல்லது. ஆன்மிகத்துக்குத் தடையில்ல” என்று வைத்திலிங்கம் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

எழிலரசி எழுந்தார். “சார், ஆலங்கொல்லைத் தண்ணி? அதுவும் அந்தப் பைக்குள்ளதான் வெக்கணும்.”

“அதுதாம்மா முதன்மைப் பொருள். அதை யாராவது மறப்பாங்களா? கடைசியா எடுத்துக்கலாம்.”

கடைசிப் பொருள் வருவதற்குள் டீ வந்துவிட்டது. கூட்டம் கலைந்தது.

அதன்பின் வைத்திலிங்கம் காட்டிய முனைப்பை அவர் பணிப் பதிவேடு இதற்கு முன் கண்டதில்லை. கீழச் சன்னதித் தெரு ஃபேன்ஸி ஸ்டோரில் இருந்த குட்டிப் புட்டிகளையெல்லாம் வாங்கினார். முகக் களிம்பு, சென்ட்டு, முடிக்குத் தைலம், சவரத்துக்கு முன் பூசுவது, சவரத்துக்குப் பின் பூசுவது, வாய் கொப்பளிக்கும் புதினா மண நீலத் திரவம், வெயிலுக்குத் தடவும் கிரீம், மாநாடு ஏசி அறையில் நடப்பதால் குளிருக்குத் தடவும் இன்னொரு கிரீம். இவற்றுக்கு நடுநாயகமாக ஒரு கறுப்புப் புட்டி. அதுதான் ‘நிர்வாகச் சீரமைப்பு’.

புனல் வைத்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி புஷ்பவள்ளிக்குக் கை வலித்தது.

“என்னாங்க, மாநாட்டுக்குப் போறீங்களா, மாப்ளை அழைப்புக்குப் போறீங்களா?”

“போட்டோ எடுப்பாங்க புஷ்பா. அங்க ஒக்காந்திருக்கறது நான் இல்ல, இந்தியாவோட மொகம்.”

“இந்தியாவுக்கு இவ்ளோ டை தேவைப்படுதா?”

வைத்திலிங்கம் கறுப்புப் புட்டியின் மூடியை இன்னொரு திருகு திருகி இறுக்கினார்.

புறப்படும் நாள் காலை சவரியம்மாள் சிதம்பரம் வீட்டுக்கே வந்துவிட்டார். எழிலரசி கொடுத்திருந்த நூறு மில்லி புட்டியில் ஆலங்கொல்லைத் தண்ணீர். மேலே ஊர்ப்பெயர் எழுதிய சீட்டு. வெளிச்சத்தில் பிடித்தால் டிகாக்ஷன் போல இருந்தது.

“சார், நீங்க ஒண்ணும் பேச வேணாம். இத மேசை மேல வெச்சுட்டு செவனேன்னு ஒக்காந்துக்குங்க. அதுவே பேசும்” என்றார் சவரியம்மாள். “எம் பொண்ணு ஜான்சி இருக்குதே, சைக்கிள்ல சேத்தியாத்தோப்பு ரோடு வரைக்கும் போயி நல்ல தண்ணி புடிச்சாருது. பள்ளிக்கூடத்துல மொத பீரியடு என்னா பாடம்னே அதுக்குத் தெரியாது சார்.”

வைத்திலிங்கத்துக்கு உண்மையாகவே கண் கலங்கியது. புட்டியை இரு கைகளாலும் வாங்கி, சட்டைப் பையில், நெஞ்சோரமாக வைத்துக்கொண்டார். “இது தண்ணி இல்லம்மா, ஒங்க கண்ணீரு. என் உசுரு மாதிரி பாத்துக்குவேன்” என்றார். சொன்ன நேரத்தில் அவர் அதை நம்பினார் என்பதை யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

சென்னை விமான நிலையத்தில் சோதனை மேசைக்கு வந்தபோது அந்த உயிர், மற்ற புட்டிகளோடு கண்ணாடிப் பைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. பை மூடவில்லை.

“ஒண்ண எடுத்துடுங்க சார்” என்றார் சோதனை அதிகாரியான அந்தப் பெண்.

“மேடம், நான் சர்வதேச மாநாட்டுக்குப் போறேன்.”

“எங்க வேணா போங்க. பை மூடணும்.”

வைத்திலிங்கம் அமுக்கினார். வயிற்றால் முட்டுக்கொடுத்து இழுத்துப் பார்த்தார். புட்டிகளைப் படுக்கவைத்தார், நிற்கவைத்தார், தலைகீழாக வைத்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஒன்றை இழந்தே தீர வேண்டும் என்ற நிலை.

சென்ட்டை எடுத்தார். வெளிநாட்டார் பக்கத்தில் உட்காருவார்களே! திரும்ப வைத்தார். முகக் களிம்பை எடுத்தார். இந்தியாவின் முகம். வைத்தார். கறுப்புப் புட்டியைத் தொட்டதுமே விரல் பின்வாங்கியது. மாநாட்டின் கடைசி நாளில்தான் போட்டோ. அதற்குள் வேர்க்கால் வெள்ளை தலைகாட்டினால்? விரல் மெல்ல நகர்ந்து, பழுப்பு நிறப் புட்டியில் நின்றது.

“அது என்னா சார்?”

“தண்ணி.”

“தண்ணியா? அதுக்கா இவ்ளோ யோசனை? உள்ள போனீங்கன்னா எங்க வேணா புடிச்சிக்கலாம் சார்.”

எவ்வளவு எளிய உண்மை! பல்லாண்டு தண்ணீர்த் துறையில் இருந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று வைத்திலிங்கம் வியந்தார். ஊர்ப்பெயர்ச் சீட்டை மட்டும் பக்குவமாகக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டார். புட்டி குப்பைத் தொட்டிக்குள் ‘டொக்’கென்று விழுந்தது. ஒரு நொடி சவரியம்மாளின் முகம் வந்து நின்றது. அடுத்த நொடி பை ‘சர்ர்’ரென்று மூடிக்கொண்டது. அந்த ஓசையில் எல்லாம் சரியாகிவிட்டது.

சிங்கப்பூரில் தண்ணீரைக் காட்ட வேண்டிய நாள் காலையில் நீலத் திரவம் தீர்ந்துபோயிருந்தது. புட்டியை அலசி, ஓட்டல் குளியலறைக் குழாயில் நீர் பிடித்து, சீட்டை ஒட்டினார். தண்ணீர் கண்ணாடியாக மின்னியது. கொஞ்சம் உறுத்தியது. ஒரு சொட்டு டை கலந்தால் ஆலங்கொல்லை நிறம் வந்துவிடும். ஆனால் ஓர் அரசு ஊழியர் பொய்ச்சான்று உருவாக்குவதா? மனசாட்சி இடம் தரவில்லை. தவிர, டையும் குறைவாகத்தான் இருந்தது.

சபையில் பல நாட்டு ஊர்களின் தண்ணீர் வரிசையாக வைக்கப்பட்டது. ஒன்று சாம்பல் நிறம், ஒன்று பாசிப் பச்சை. வைத்திலிங்கமும் சவரியம்மாள் சொன்னபடியே புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தார். தண்ணீரே பேசியது.

நிபுணர்கள் சோதித்தார்கள். நம்பாமல் மறுபடியும் சோதித்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மையார் மோந்துகூடப் பார்த்தார். சுத்திகரிப்பு நிலையம் சாம்பல் நிறத் தண்ணீர்க்காரர்களுக்குப் போயிற்று. ஆலங்கொல்லைக்கு, ‘உலகத் தரம் வாய்ந்த குடிநீர்க் கிராமம்’ என்ற பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. ‘இயற்கையான புதினா மணம் உடையது’ என்று அடிக்குறிப்பும் இருந்தது. போட்டோவில் வைத்திலிங்கத்தின் தலை காக்கைச் சிறகாகப் பளபளத்தது.

கடலூர் திரும்பியதும் பாராட்டுக்கூட்டம். மாலை, சால்வை, லட்டு. கைதட்டலுக்கு நடுவே எழிலரசி மட்டும் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சார், நான் குடுத்த பாட்டில்ல தண்ணி பழுப்பா இருந்துச்சே சார்?”

“மேல பறக்கறப்ப எல்லாம் தெளிஞ்சிடும்மா. பிரஷரு.”

எழிலரசி லட்டைத் தின்னாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசி வரிசையிலிருந்து சவரியம்மாள் எழுந்து மைக்கை வாங்கினார். நன்றியுரை என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.

“எங்க ஊரு தண்ணிய ஒலகத் தண்ணியாக்கிட்டீங்க. சந்தோஷம். இத்தன நாளா நாங்கதான் அதும் அருமை தெரியாம, பொண்ண சைக்கிள்ல தொரத்திக்கிட்டு இருந்திருக்கோம். சாருக்கு நாங்க திருப்பிச் செய்ய வேற என்னா இருக்கு? நாளையிலேருந்து இந்த ஆபீசுக்குக் கேன் தண்ணி வேணாம். எங்க ஊரு தண்ணிய நாங்களே அனுப்புறோம். அல்லாரும் வயிறார குடிச்சிட்டு வேல பாருங்க.”

மறுநாள் காலை சரக்கு ஆட்டோவில் குடங்கள் வந்து இறங்கின. உலகத் தரம் வாய்ந்த தண்ணீரை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப எந்த விதியிலும் இடமில்லை. ஒரு குடம் கண்காணிப்பாளர் மேசைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. மூடியைத் திறந்து பார்த்த வைத்திலிங்கத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்கத் தகுந்ததல்ல என்று மேலிடத்துக்கு எழுத ஒரு தாளை எடுத்தார். சுவரில் புதிதாகச் சட்டம் போட்டு மாட்டிய போட்டோவை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடினார்.

அன்று முதல் இயக்ககத்தில் அனைவரும் வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். குடங்களில் இருப்பதை ஒருவரும் வாயில் வைத்ததில்லை. அது கெட்ட தண்ணீர் என்று ஒருவரும் எழுதியதுமில்லை.

ஆலங்கொல்லைக் குழந்தைகள் குடிக்கிறார்கள்.