தேடியதும் வந்த கல்வெட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்து. நான் முதலில் கண்டது, கணினித் திரையின் உச்சியில் முக்கால் தூரம் ஊர்ந்துவந்து படுத்துவிட்ட ஒரு பச்சைக் கோடு. அடுத்ததாக, அதே திரையின் கண்ணாடியில் மாமாவின் முகம். அவர் என் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

கோப்பைத் தொலைத்தவன் கணினியைக் குறை சொல்வான். நானும் சொன்னேன். விண்டோஸின் சொந்தத் தேடல், துறைமுக வாசலில் அனுமதிக்குக் காத்திருக்கும் கப்பலைப் போன்றது, வரும், ஆனால் எப்போது என்று கேட்கக்கூடாது என்றேன். மாமா சிரிக்கவில்லை. துறைமுகத்தைப் பற்றி மற்றவர்கள் பகிடி விடுவதை அவர் விரும்புவதில்லை.

மாமா என் மனைவி சுகந்தியின் அப்பா. திருகோணமலைத் துறைமுகத்தின் ஸ்டோர்ஸில் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த ஆணி எந்தத் தட்டில் என்பது அவருக்குத் தெரியும். அது மற்றவர்களுக்குத் தெரியாது என்பதும் தெரியும். அவருடைய இருதயத்தில் மூன்று அடைப்புகள். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யச் சம்மதிக்கவைக்க எங்களுக்கு அரை வருடம் பிடித்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அனுமதி. அன்று பதினொரு மணிக்கு வான். கையில் பரிசோதனை அறிக்கை இல்லாமல் வரவேண்டாம் என்று அங்கிருந்து சொல்லியிருந்தார்கள்.

அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. இறக்கி வைத்தவன் நான். இறக்கியதும் மின்னஞ்சலை அழித்தவனும் நான். (பெட்டி வெறுமையாக இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும். என்ன செய்வது, பிறவிக் குணம்.) நான் முன்பு ஒரு பத்திரிகைக்கு மாவட்ட நிருபராக இருந்தவன். என் கணினியில் தம்பலகாமத்து யானைகள், புல்மோட்டை மீனவர் கூட்டங்கள், திறக்கப்பட்ட கட்டடங்கள், திறக்கப்படாத கட்டடங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் காட்டுக்குள் மாமாவின் இருதயத்தை எங்கே வைத்தேன் என்பது மட்டும் மறந்துபோனது.

"ஸ்டோர்ஸில ஒரு சாமானைக் கேட்டால் நான் தேடுறேல்லைத் தம்பி. போய் எடுக்கிறது" என்றார் மாமா.

அந்த வார்த்தை சுட்டது. இனிப் பச்சைக் கோட்டை நம்புவதில்லை, விண்டோஸுக்கு ஒரு வேகமான தேடுபொறியை இந்தக் கணமே நிறுவுவது என்று முடிவெடுத்தேன். ஒரு தகவலை மூன்று இடத்தில் உறுதிப்படுத்தாமல் எழுதாதே என்பது எனக்குக் கற்பித்த பாடம். ஆகவே இணையத்தில் மூன்று மதிப்புரைகளைத் திறந்தேன். மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. (செய்தியிலும் அப்படித்தான் நடக்கும்.)

முதலில் நிறுவியது, கோப்புகளின் பெயரை மட்டுமல்ல, உள்ளே எழுதியிருப்பதையும் படித்துத் தேடும் என்றது. நல்ல விஷயம். ஆனால் தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை படித்து அட்டவணை போடவேண்டுமாம். கணினியின் விசிறி மீன்பிடிப் படகின் எஞ்சின் போல இரைந்தது. சில நிமிடம் கழித்து, இன்னும் ஐந்து மணித்தியாலம் என்று அறிவித்தது. அதை நீக்கினேன். நீக்குவதற்கும் நேரம் கேட்டது.

வெளியே வான்காரர், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்றைக் கலைத்துக்கொண்டிருந்தார். வானின் முன்கண்ணாடியில் மாமி கட்டிய மாலையை அது பாதி தின்றுவிட்டிருந்தது. மாமி குசினிக்கும் வாசலுக்கும் நடந்தபடி, நல்ல நேரம் போகிறது என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மென்பொருள் மிகச் சிறியது. பெயரை மட்டும்தான் தேடும். ஆனால் ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் அந்தக் கணமே பட்டியல் விரியும் என்று மதிப்புரைகள் சத்தியம் செய்தன. கடைசியாகத் திருத்திய கோப்பு முதலில் வரும்படியும் செய்யலாம். அப்படியே செய்தேன். வேகம், தெளிவு, ஒழுங்கு என்று எல்லாவற்றையும் சீர்தூக்கித் தெரிவு செய்தேன். பின்னால் யார் நிற்கிறார் என்பதை மட்டும் சீர்தூக்கவில்லை.

"இப்ப பாருங்கோ மாமா" என்றேன். (வாய் இருக்கிறதே, அதற்குச் சும்மா இருக்க ஏலாது.)

'மா' என்று தட்டினேன். மாரியம்மன் தேர், மாகாண சபை, மாட்டுத் திருட்டு எல்லாம் சர்ரென்று வந்து நின்றன. "ஆ" என்றார் மாமா, முதல் தடவையாக மதிப்போடு. இன்னொரு 'மா' சேர்த்தேன். பட்டியல் சுருங்கியது. முதல் வரியில் இருந்தது: 'மாமா கல்வெட்டு – இறுதி – திருத்தியது'. இரண்டாவது வரியில்: 'மாமா இருதய அறிக்கை'.

இரண்டாவது வரியை அறையில் யாரும் படிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால், இறந்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் புத்தகம். படம், வரலாறு, இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக வரும். சொந்தத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், யார் போனாலும் அது என் தலையில்தான் விழும். அழுகிற வீட்டில் இருந்துகொண்டு பெரியப்பாவின் சித்தியின் பெயரை விசாரிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். பெரிய மனிதர்களின் மறைவுச் செய்தியைப் பத்திரிகையில் முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார்கள். அந்த நல்ல வழக்கத்தை நான் குடும்பத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். குடும்பத்துக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"திறவுங்கோ" என்றார் மாமா.

திறந்தேன். வேறு வழி தெரியவில்லை. கோட் போட்ட மாமாவின் படம். மேலே 'அமரர்'. வெண்பாவில் திதிக்கு மட்டும் இடைவெளி. அதுவும் பரவாயில்லை. பத்திரிகை மேசைப் பழக்கத்தில், திருத்தங்கள் சிவப்பில் தெரியும்படி நான் எப்போதும் வைத்திருப்பேன். வரலாற்றின் கடைசிப் பந்தியில் 'திடீரென' என்ற சொல் சிவப்பால் வெட்டப்பட்டு, 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' என்று மாற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் திருத்திய நாளும் இருந்தது. போன வியாழக்கிழமை. மாமாவை டொக்டரிடம் கூட்டிப்போன நாள்.

மாமா போய்க் கதிரையில் இருந்தார். குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். முதலில் வலது, பிறகு இடது. இரண்டையும் சுவரோடு ஒழுங்காக வைத்தார்.

"டொக்டர் உங்களோட தனியக் கதைச்சவரோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்றேன். கதவடியில் நின்ற சுகந்தியும் இல்லை என்றாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னதால் அது பொய் மாதிரியே கேட்டது.

"பரவாயில்லை. தெரிஞ்சுகொண்டு ஏன் கொழும்புக்குப் போய்ச் சாகவேணும்? வான்காரரைப் போகச் சொல்லுங்கோ."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். சுகந்தி என்னைப் பார்த்த பார்வையில், என் கல்வெட்டின் திதி இடைவெளியை அன்றே நிரப்பிவிடலாம் என்று தோன்றியது. அரை வருட வேலையை நான் அரை வினாடியில் முடித்துவிட்டேன். அவ்வளவு வேகமான மென்பொருள்.

விளக்கம் சொன்னேன். கோப்பு எழுதி நான்கு வருடம், அடைப்பு கண்டுபிடித்தது இந்த வருடம் என்றேன். டொக்டர் பயமில்லை என்றுதான் சொன்னார், அந்தச் சொல்லை மாற்றியது என்னுடைய தொழில் வியாதி என்றேன். மாமா பொறுமையாகக் கேட்டார், நம்பவில்லை. ஸ்டோர்ஸில் இருந்தவருக்கு வாய்ப்பேச்சு கணக்கில் வராது. சாமான் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

கண்ணுக்குக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன். தேடும் பெட்டியில் இருந்த 'மாமா'வை அழித்துவிட்டு, 'கல்வெட்டு' என்று தட்டினேன்.

திரை நிறைந்தது.

மாமி கல்வெட்டு. கனடா மச்சான் கல்வெட்டு. சாம்பல்தீவுச் சித்தப்பா கல்வெட்டு, இரண்டு பதிப்பு. சுகந்தி கல்வெட்டு. மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பி வந்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, சரக்கு இறக்கும்போது பெட்டிகளைச் சரிபார்ப்பதைப் போலப் படித்தார்.

"இவளுக்குமோ?"

"எல்லாருக்கும் மாமா."

சத்தம் கேட்டு மாமி அகப்பையோடு வந்தார். தன்னுடையதைக் கேட்கவில்லை. மாமாவினுடையதில் தன் பெயரில் இருந்த மனைவி புலம்பலைத்தான் பார்த்தார். 'கட்டியவர் போனபின்னே கடலலையும் ஓய்ந்ததுவோ' என்று நான் எழுதியிருந்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

"அழமாட்டன் எண்டில்லைத் தம்பி. இப்பிடி அழமாட்டன்" என்றார்.

சுகந்தியின் குரல் குளிர்ச்சியாக வந்தது. "என்ரையை எப்ப எழுதினனீங்கள்?"

உண்மையைச் சொல்வதே நல்லது என்று நினைத்தேன். "கலியாணம் முடிச்ச வருசம்."

அதற்குள் மாமாவின் விரல் பட்டியலின் அடிக்கு வந்துவிட்டது. அங்கே என் பெயர் இருந்தது.

"உங்கட எத்தினை பக்கம்?"

"பதினொண்டு."

"என்ரை?"

"நாலு."

மாமாவின் முகத்தில் இரத்தம் ஏறியது. அன்று காலையில் நான் கண்ட மிக நல்ல காட்சி அதுதான்.

"ஒரு துறைமுகத்தின்ர ஸ்டோர்ஸைத் தலையில சுமந்தவனுக்கு நாலு. மழை பெய்தது, கட்டடம் திறந்தது எண்டு எழுதினவருக்குப் பதினொண்டோ?"

குரல் வாசல்வரை போயிருக்கவேண்டும். வான்காரர் எட்டிப் பார்த்தார். மாமா நாலு பக்கத்தையும் அங்கேயே நின்று வாசித்தார். அவர் சேர்ந்த வருடம் பிழை. பதவி பிழை. கப்பல் ஒன்று தீப்பிடித்தபோது அவர் செய்த காரியம் எழுதப்படவே இல்லை. படத்தில் கழுத்துப்பட்டி கோணல்.

"இதை இப்பிடி அடிக்க விடேலாது" என்றார். "நான் கொழும்புக்குப் போட்டு வந்து திருத்தித் தாறன். அதுக்கிடையில கைவைக்காதையுங்கோ."

பிறகு குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

இருதய அறிக்கை இரண்டாவது வரியில் இருந்தது நினைவுக்கு வந்து, அதை அச்சிட்டு வானுக்கு ஓடினேன். பதினொன்று தாண்டிவிட்டது. மான் மாலையை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் செவ்வரத்தைச் செடிக்குப் போய்விட்டிருந்தது. கந்தளாய் தாண்டும்வரை சுகந்தி என்னோடு கதைக்கவில்லை. மாமாதான் கதைத்தார். தீப்பிடித்த கப்பலின் கதையைச் சொல்லி, எழுதிக்கொள்ளும்படி சொன்னார்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, கழுத்துப்பட்டியை நிமிர்த்த கணினியில் வழி இருக்கிறதா என்பது.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது இருமினால், "தம்பி, கோப்பைத் திறவுங்கோ" என்பார் மாமி. கனடா மச்சான் தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிப்பதற்கு முன்பே தன் கல்வெட்டு எத்தனை பக்கம் என்று விசாரிக்கிறான். மாமி தன் புலம்பலைத் தானே எழுதித் தந்தார். மூன்று வரி. அதில் கடல் இல்லை, மாமா சாப்பாட்டுக்கு உப்புக் காணாது என்று சொல்வது இருக்கிறது. அதை வாசித்த மாமா, ஒரு சொல்லையும் மாற்றவேண்டாம் என்றார். அவருடைய நாலு பக்கம் இருபதைத் தாண்டிவிட்டது. அந்த மென்பொருளை அவருடைய கணினியிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஸ்டோர்ஸில் என்றால் வேலைக்குச் சேர்த்திருப்பேன் என்று அதற்கு நற்சான்று கொடுத்தார்.

என்னுடைய பதினொரு பக்கத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டு, அதை மாமாவே புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பக்கம் முடிந்துவிட்டது. புகழ்ச்சி இன்னும் தொடங்கவில்லை.