கிரேக்க சாமிகளுக்கும் முன்பே தெரிந்தவர்

முனியசாமி பாண்டித்துரைக்கு முந்நூறு திர்ஹம் கடனைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. வாங்கியது தைப் பொங்கலுக்கு. இப்போது ஆவணி.

இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவருடைய இனத்தைப் பற்றிப் பேச வேண்டும். கடன் வாங்கியவர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் திருப்பிக் கேட்கப் போனால் முகம் சுருங்காமல், சந்தோஷமாக, "நீ இன்னைக்கு வந்து கேப்பேன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்கிறவர்கள் தனி இனம். அப்பவே தெரிந்தவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். படித்தவர்கள் வேறு பெயர் வைத்திருந்தால் அது அவர்கள் பாடு.

அப்பவே தெரிந்தவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே இருந்துகொண்டே, அது நிற்கும் என்று தனக்குத் தெரியும் என்பார். தங்கம் விலை ஏறினால் தெரியும் என்பார், இறங்கினாலும் தெரியும் என்பார். வேலை போய் ஊருக்குக் கிளம்புகிறவனின் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்ட முழங்காலை ஊன்றிக்கொண்டு, "இந்தக் கம்பெனி ஊத்திக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா" என்று சொல்லி, முடிச்சையும் நன்றாகத்தான் இறுக்குவார். அப்பவே தெரிந்தால் அப்பவே ஏன் சொல்லவில்லை? கேட்டுப் பாருங்கள். "சொன்னா எவன் கேக்குறான்?" என்பார். இதற்கு இன்றுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

முனியசாமி இந்த இனத்தில் முதல் தரம். ஷார்ஜா ரோலாவில், பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சுக்குப் பின்சந்தில், கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட ஓர் அறையில், டிவிக்கு நேர் எதிரே இருந்த கீழ்க்கட்டில் அவருடையது. ரிமோட் பிளாஸ்டிக் உறையோடு அவர் தலையணைக்கு அடியில் தூங்கியது. இரண்டாயிரத்து நான்காம் வருடம், அந்த டிவியில் வெள்ளிக்கிழமை மதியங்களில் பழைய இங்கிலீஷ் தொடர் ஒன்றை மறுபடியும் போட்டார்கள். வாரம் முழுக்க சைட்டில் வெந்தவர்கள், பிரியாணி சாப்பிட்ட கையோடு அதற்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

தொடர் மர்மத் தொடர். கிரேக்க தேசத்துத் தீவு. கடலில் மூழ்கிப்போன புருஷனைத் தேடிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி வருகிறாள். அவளுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் மூன்று ஆசாமிகள் எங்கிருந்தோ முளைக்கிறார்கள்: மூன்று முனை ஈட்டி வைத்திருக்கும் ஒரு கிழட்டு மீன்காரர், ஓயாமல் சிரிக்கும் சாராயக்கடைக்காரர், சைக்கிளில் தந்தி கொண்டுவரும் ஒருவன். ஒவ்வொரு வாரமும் பெயர் போடும்போது இடிந்த கோயிலில் மூன்று கற்சிலைகளைக் காட்டுவார்கள். சிலைகளுக்கும் இந்த மூன்று பேருக்கும் ஒரே முகம். குழந்தைக்கும் புரியும், அவர்கள் அந்த ஊர்ப் பழைய சாமிகள் என்று.

முனியசாமிக்குப் புரியவில்லை. அதாவது, அதற்கும் மேலே புரிந்துவிட்டது.

"சாமியாவது பூதமாவது! மூணு பேரும் சிஐடி. மாறுவேசம். எனக்கு அப்பவே தெரியும்."

"அண்ணே, அந்தக் கிழவர் தண்ணி மேல நடக்குறாரு" என்றான் மேல்கட்டில் அருள்ராஜ், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"டிரெய்னிங்டா. சாமின்னா கால்சட்டை போட்டிருக்குமா?"

"அங்க குளிருமுல்ல அண்ணே."

அறை சிரித்தது. ஆனாலும் அவரை விட்டால் வழியில்லை. தொடரில் பேசிய இங்கிலீஷ், அறைக்குத் தெரிந்த டூட்டி, ஓவர்டைம் இங்கிலீஷ் இல்லை. திரைக்கு அடியில் அரபியில் எழுத்து ஓடியது. முனியசாமி, விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலின் வீட்டுக்கு இருபது வருடம் வண்டி ஓட்டியவர். அரபியில் பேரம் பேசுவார், வாக்குவாதம் செய்வார், திட்டு வாங்கி மன்னிப்பும் கேட்பார். ஆகவே அந்த எழுத்தைப் படித்து அறைக்குக் கதை சொல்லும் பொறுப்பு அவருக்கு வந்தது. அவரும் கண்ணைச் சுருக்கி, உதட்டை அசைத்து, வாரா வாரம் சொன்னார்.

அவருக்கு அரபி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பேச்சு வேறு, எழுத்து வேறு. முகங்களைப் பார்த்து அவரே கதை கட்டினார். அவள் அழுதால் "புருஷன் செத்துட்டானாம்" என்பார். அவள் சிரித்தால், "செத்தாலும் பரவாயில்லைங்கிறா." மூழ்கியவன் மூழ்கியவன்தான் என்று முதல் வாரமே தீர்ப்பு எழுதிவிட்டார். அப்பவே தெரிந்தவர் தீர்ப்பை மாற்றுவதில்லை.

கடைசி வாரம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாண்டித்துரைக்கு ஊருக்கு விமானம். தங்கை அகிலாவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் தோடு வர வேண்டும். வராவிட்டால் அகிலாவின் மாமியார் சபையில் வாயைத் திறக்கமாட்டாள், வீட்டுக்குள் போய் வருடம் முழுக்கத் திறப்பாள். ரோலா நகைக்கடையில் சின்னத் தோடு ஒன்றைப் பார்த்து, எடுத்து வைக்கச் சொல்லியிருந்தான். சாயங்காலத்துக்குள் காசு கட்ட வேண்டும்.

"அண்ணே, இன்னைக்காவது…"

"நீ கேப்பேன்னு அப்பவே தெரியும்." முனியசாமி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சம்பளம் உள்ளேதான் இருந்தது. கேமரா வைத்த மொபைல் வாங்கலாம் என்று அவரும் ஒரு கடையில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். "மாப்ள, ஒரு பந்தயம். அவ புருஷன் செத்தவனா இருந்தா நம்ம கணக்கு கலாஸ், முடிஞ்சுது. உசுரோட இருந்தா இந்த இடத்துலயே எண்ணி வைக்கிறேன்."

"என் காசை நான் வாங்க நான் எதுக்குண்ணே பந்தயம் கட்டணும்?"

"அப்ப அடுத்த மாசம் வாங்கிக்க."

அடுத்த மாசத்தைப் பாண்டித்துரை தையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். தலையாட்டினான். அவன் சாட்சிக்குப் பக்கத்து அறை சதக்கத்துல்லாவைக் கூட்டிவந்தான். கஃப்டேரியாவில் டீ போடுகிறவர், ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த தொப்பியோடு ஓரமாக உட்கார்ந்தார்.

தொடர் நடந்தது. கடற்கரை. பொழுது சாய்கிறது. வெள்ளைக்காரி கிழட்டு மீன்காரரிடம் ஏதோ கேட்கிறாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வரி சொல்கிறார். அவள் முகத்தைப் பொத்திக்கொள்கிறாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. மூன்று சிலைகள். பாட்டு. முடிந்தது. புருஷனைக் காட்டவே இல்லை!

"பார்த்தியா?" முனியசாமி ரிமோட்டை உறைக்குள் தள்ளினார். "'கடல் கொண்டுபோனது போனதுதான், நீ ஊருக்குப் போம்மா'ன்னுட்டான். கலாஸ்."

பாண்டித்துரை தரையைப் பார்த்தான். தங்கையின் மாமியார் தரையிலேயே தெரிந்திருப்பாள்.

"அப்படியா போட்டிருந்துச்சு?" என்றார் சதக்கத்துல்லா மெதுவாக. "நா ஓதுனது வேறயால இருந்துச்சு."

அறை திரும்பியது. "பாய், உங்களுக்கு அரபி தெரியுமா?"

"ஓதத்தான் தெரியும். மதரசாப் பழக்கம், எழுத்தைக் கண்டா வாய் தானா ஓதும். இதுல எழுத்துக்கு மேல கீழ போடுற குறியும் இல்லை. அர்த்தம்லாம் கேக்காதீக."

"அர்த்தம் வேணாம் பாய். ஓதுனதை மட்டும் சொல்லுங்க."

சதக்கத்துல்லா கண்ணை மூடித் தட்டித் தடவிச் சொன்னார். "ஸவ்ஜுக்… ஹய்… இன்தளிரி… அஸ்ஸஃபீனா."

இப்போது விஷயத்தைப் பாருங்கள். ஓதியவருக்குப் பொருள் தெரியாது. பொருள் தெரிந்தவருக்கு எழுத்து தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினால்தான் ஒரு முழு ஆள். ஸவ்ஜ் என்றால் புருஷன், ஹய் என்றால் உயிரோடு இருப்பவன், சஃபீனா என்றால் கப்பல். கஃபீலின் சரக்கை இறக்க எத்தனை கப்பலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறார் முனியசாமி! அந்த அறையில், அந்தச் சந்தில், அந்த வரியின் பொருள் தெரிந்த ஒரே காது அவருடையது. அவர் வாயைத் திறக்காவிட்டால் கடன் போயிற்று. மொபைல் வந்துவிட்டது. கேமராவோடு.

முனியசாமி வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பாராட்ட வேண்டும். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"என்னண்ணே அர்த்தம்?" என்றான் பாண்டித்துரை.

"அது… பெரிய அரபி. புஸ்தக அரபி."

"விடு மாப்ள" என்றான் அருள்ராஜ் மேல்கட்டிலிருந்து, கொட்டாவி விட்டபடி. "அண்ணனுக்குத் தெரியாதாம். எனக்கு அப்பவே தெரியும்."

மற்ற எதை வேண்டுமானாலும் பொறுத்திருப்பார். அந்த மூன்று சொல்லும் அவருடைய சொத்து. இன்னொருவன் வாயில் கேட்டதும் தலை கட்டில் சட்டத்தில் இடிக்க எழுந்துவிட்டார்.

"எனக்கா? எனக்காடா தெரியாது? நீ பொறக்கும்போது நான் துறைமுகத்துல அரபிகூட மல்லுக்கு நின்னவன்! 'உன் புருஷன் உசுரோட இருக்கான், கப்பலுக்குக் காத்திரு'ங்கிறாருடா அந்தச் சாமி!"

சாமி என்றே சொல்லிவிட்டார்.

  அருள்ராஜ் தலையணையைக் கடித்துக்கொண்டு குலுங்குவதில் கட்டில் ஆடியது. சதக்கத்துல்லா தொப்பியைச் சரிசெய்தபடி, "அல்ஹம்துலில்லாஹ், பொழைச்சிட்டானா!" என்றார், மனசார.

முனியசாமி தலையைத் தேய்த்துக்கொண்டார். ஒரு நிமிடம் தோற்றவர் போலத்தான் இருந்தார். ஆனால் இந்த இனம் ஒரு நிமிடத்துக்கு மேல் தோற்று நின்றதில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "தாய்மாமன் தோட்டோட போக வேணாமா? அதுக்குத்தானே பந்தயமே கட்டுனேன்."

இது இப்படித்தான் முடியும் என்று உங்களுக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டதா? பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொல்லியும்விட்டீர்களா? அப்படியானால் நீங்களும் இந்த இனம்தான். கண்ணாடிக்குப் போக வேண்டாம், முதலில் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். பாண்டித்துரை ஏற்கெனவே கையை நீட்டிவிட்டான். முனியசாமி விரலில் எச்சில் தொட்டு, அறை முழுக்கக் கேட்க, "நூறு… இருநூறு…" என்று விரித்த உள்ளங்கையில் வைத்து, கடைசி நோட்டை மட்டும் கொஞ்சம் பிடித்திருந்து, விட்டார்.