ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த மகான்கள்

இந்த வருஷம் நானாக வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். ஜூன் ஒன்றாம் தேதி என் பிறந்தநாள். வருஷா வருஷம் நானே ஞாபகப்படுத்துவேன், என் மனைவி அபயாம்பாள் “ஓஹோ” என்பாள். அவ்வளவுதான் கொண்டாட்டம். இந்தத் தடவை அவளாகச் சொல்லட்டும். முப்பத்தொரு வருஷமாகக் கூட இருப்பவளுக்கு இதுகூடவா தெரியாமல் போய்விடும்!

ஜூன் ஒன்று லேசுப்பட்ட நாள் இல்லை ஸார். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ரிடையரானதிலிருந்து அதுதான் என் ஆபீஸ். தேதிக்கு ஒரு பக்கம், மொத்தம் முந்நூற்று அறுபத்தாறு பக்கம். அன்றன்றைக்கு யார் பிறந்தார், எங்கே என்ன நடந்தது எல்லாம் அதில் உண்டு. ஜூன் ஒன்றில்தான் வடகாந்த முனையைக் கண்டுபிடித்தார்கள். டெக்கான் குவீன் ரயில் முதல்முதலாக ஓடியது. ஜெட் இன்ஜினைக் கண்டுபிடித்த விட்டில் என்ற இங்கிலீஷ்காரர் பிறந்தார். இந்தி நடிகை நர்கிஸ் பிறந்தார். அவ்வளவு ஏன், என்னோடு ரிடையரான நாலு பேருமே அன்றைக்குப் பிறந்தவர்கள்தான். அஞ்சு பேருக்கும் ஒரே மேடையில் மாலை. மகான்களாகப் பார்த்துப் பிறக்கிற நாள்!

காலையில் பல் தேய்த்த கையோடு டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பம்பாயிலிருந்து பையன் கூப்பிடவில்லை. ஒன்பது மணி வரை ஒரே ஒரு ராங் நம்பர். அடையாறில் யாரோ வேண்டுமாம். அவரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷர், பாவம், ஏதோ அவசரம்போல, வைத்துவிட்டார்.

மந்தைவெளி ஃப்ளாட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் என்னிடம் பேசுவது காபி, சாப்பாடு, பால் கார்டு இந்த மூன்றுக்குத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பத் தனியாக இருந்தது ஸார்.

சத்தியத்துக்குப் பங்கம் வராமல் ஒரு யோசனை செய்தேன். நோட்டில் நர்கிஸுக்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். அவள் அவரைக்காய் நறுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அபயம், இன்னிக்கு யார் யார் பொறந்திருக்கா தெரியுமா?”

“சொன்னாத்தானே தெரியும்.”

வரிசையாக வாசித்தேன். கடைசியில் குரலை உயர்த்தினேன். “ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சு. கும்பகோணத்தில் சந்திரமௌலி பிறந்தார்.”

“அது யாரு? பாட்டு வித்வானா?”

“நான்தாண்டி!”

சத்தியம் போயே போச்சு.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நீங்க பொறந்தது தை மாசம்.”

“சர்டிஃபிகேட்ல ஜூன் ஒண்ணுன்னு இருக்கே!”

“ஸ்கூல்ல சேக்கறச்சே உங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தேதி தெரியலை. ஹெட்மாஸ்டரே ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டார். தேதி தெரியாத பசங்களுக்கெல்லாம் அதைத்தான் எழுதுவாராம். உங்கம்மாவே என்கிட்ட சொல்லியிருக்கா.”

மாலையும் கழுத்துமாக நாலு மகான்களும் என் கண்முன் வந்து நின்றார்கள்.

“அப்போ இத்தனை வருஷமா எனக்குப் பிறந்தநாளே வரலையா?”

“வராம என்ன? பஞ்சாங்கப் பிறந்தநாளெல்லாம் பத்தாம்பசலி, இந்த ஆத்துல கூடாதுன்னு கல்யாணமான புதுசுல உத்தரவு போட்டேள். நானும் வாயைத் திறக்கலை. தை அனுஷத்தன்னிக்குக் கபாலி கோவில்ல உங்க பேருக்கு அர்ச்சனை, ஆத்துல சேமியா பாயசம். ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு பேப்பரைத் தூக்கிண்டு போயிடுவேள். ஒரு தடவையாவது என்ன விசேஷம்னு கேட்டேளா?”

முப்பத்தொரு பாயசம்! தனியாக இருந்தது நான் மட்டுமில்லை போலிருக்கிறது. உடனே பேனாவைத் திறந்தேன்.

“போனது போகட்டும் அபயம். உன் பிறந்தநாள் என்னிக்கு, சொல்லு. பெரிய எழுத்துல எழுதிடறேன்.”

அவள் மறுபடி அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

“நேத்திக்குப் பாயசத்துல சக்கரை ஜாஸ்தின்னு சொன்னேளே, அன்னிக்குத்தான்.”